கம்யூனிட்டி ஷீல்டு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இங்கிலாந்தில் கால்பந்துப் பருவம் தொடங்கும்போதெல்லாம், போன பருவத்து லீக் சாம்பியனும் எஃப்ஏ கோப்பையை (இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் நாக்-அவுட் கோப்பை) வென்ற அணியும் மோதும் இந்த ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். வரிசையெல்லாம் பார்க்காமல் பதில் சொல்லிக்கொண்டே போகிறேன்.

கேள்வி: இது உண்மையான கோப்பையா, பயிற்சி ஆட்டமா?

தோற்ற அணியின் ரசிகரைக் கேட்டால் பயிற்சி ஆட்டம் என்பார், ஜெயித்தவரைக் கேட்டால் கோப்பை. என்னைக் கேட்டால் இரண்டும்தான். கால்கள் இன்னும் கோடை விடுமுறையிலிருந்து முழுசாகத் திரும்பியிருக்காது, ஆனால் 2025-இல் லிவர்பூலுடன் 2-2 முடிந்து பெனால்டியில் ஜெயித்த கிரிஸ்டல் பேலஸ்காரர்களிடம் போய் இது வெறும் பயிற்சி என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது முதல் ஷீல்டு.

கேள்வி: லீகையும் எஃப்ஏ கோப்பையையும் ஒரே அணி வென்றால் எதிரணி யார்?

இப்போது லீகில் இரண்டாம் இடம் பிடித்த அணி வரும். 2023-இல் அப்படித்தான் மான்செஸ்டர் சிட்டியோடு மோத அர்செனல் வந்தது, 90 நிமிடத்துக்கு மேல் நடுவர் சேர்த்த நேரத்தில் அதுவும் பதினோராவது நிமிடத்தில் அர்செனலின் டிரோசார்ட் சமன் செய்ய, பெனால்டியில் கோப்பையையும் தூக்கிப்போனது. முன்பு இந்த விதி இவ்வளவு தெளிவாக இல்லை. 1971-இல் இரண்டையும் வென்ற அர்செனல், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நட்பு ஆட்டங்கள் இருந்ததால் வரவே இல்லை. அதனால் இரண்டாம் டிவிஷன் சாம்பியன் லெஸ்டரைக் கூப்பிட்டார்கள், அவர்களும் வந்து, எஃப்ஏ கோப்பை இறுதியில் தோற்றிருந்த லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்துவிட்டார்கள்!

கேள்வி: சமன் ஆனால்?

இப்போது நேராக பெனால்டி. 1991-இல் அர்செனல், டாட்டன்ஹாம் 0-0 முடித்தபோதுகூட ஷீல்டைப் பகிர்ந்துதான் கொண்டார்கள், ஆளுக்கு ஆறு மாதம். அப்படிப் பகிர்ந்தது அதுதான் கடைசி.

கேள்வி: கோல்கீப்பர் கோல் அடித்தாராமே, கதையா?

நிஜம். 1967, டாட்டன்ஹாமின் பாட் ஜென்னிங்ஸ் தன் பெட்டியிலிருந்து உதைத்த பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பி மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் ஸ்டெப்னியின் தலைக்கு மேலே வலைக்குள் போனது. ஆட்டம் 3-3.

கேள்வி: சிவப்பு அட்டையெல்லாம் கொடுப்பார்களா?

தாராளமாக. 1974-இல், வெம்ப்ளியில் நடந்த முதல் ஷீல்டிலேயே, லிவர்பூலின் கீகனும் லீட்ஸின் பிரெம்னரும் அடித்துக்கொண்டு வெளியேற்றப்பட்டார்கள். போகிற வழியில் இருவரும் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுப் போனார்கள். ஆளுக்கு 500 பவுண்டு அபராதம், நீண்ட தடை வேறு.

கேள்வி: வசூல் எங்கே போகிறது?

அறப்பணிக்கு. எஃப்ஏ கோப்பையின் முதல் சுற்று முதல் ஆடும் 124 கிளப்புகளுக்குப் பங்கு போகும், அவர்கள் தங்களுக்குப் பிடித்த தொண்டு அமைப்புக்குக் கொடுப்பார்கள்.

கேள்வி: எப்போதும் வெம்ப்ளிதானா?

பெரும்பாலும். 2022-இல் பெண்கள் யூரோ இறுதி ஆட்டம் வெம்ப்ளியில் இருந்ததால் லெஸ்டர் மைதானத்துக்கு மாற்றினார்கள்.

கேள்வி: ஷீல்டு ஜெயித்தால் லீகும் கிடைக்குமா?

2018-இல் சிட்டிக்குக் கிடைத்தது. அப்புறம் 2019 முதல் 2024 வரை ஷீல்டு வென்ற எந்த அணிக்கும் அந்தப் பருவத்து லீக் கிடைக்கவில்லை. பந்தயம் கட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.