கிண்ணப் பூஞ்சையும் நுண்ணோக்கியும்: கேள்வி பதில்

கேள்வி: குச்சியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைக் கிண்ணங்கள். படம் அனுப்பியிருக்கிறேன். பெயர் என்ன?

பதில்: படத்தில் பெயர் இல்லை. பிளேடால் மெல்லச் சீவி, உயிரோடு, வெறும் தண்ணீரில் பாருங்கள். பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலை முதலில் விட்டால் செல்கள் செத்துவிடும். பாதி அடையாளம் அதோடு போய்விடும்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். ஆஷ் மரத்தின் சென்ற ஆண்டு இலைக்காம்புகளில் வெள்ளைக் கிண்ணங்கள். மரத்தைக் கொல்லும் பூஞ்சைதானா?

பதில்: அருமையான கேள்வி. கொல்வது ஹைமனோஸ்கைபஸ் பிராக்சினியஸ்; கிழக்காசியாவிலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் போலந்தில் மரங்கள் கருகின, 2012-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. ஐரோப்பாவின் பழைய குடியான ஹைமனோஸ்கைபஸ் ஆல்பிடஸ், அதே காம்பில் யாருக்கும் தீங்கின்றி வாழ்ந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆய்வாளர்களே முதலில் குழம்பி, கொலைப்பழியை ஆல்பிடஸ் மேல் போட்டார்கள்! வித்துகளை அளந்து பொழுதைக் கழிக்காதீர்கள், இரண்டின் அளவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வித்துகள் உருவாகும் நுண்ணிய வித்துப்பையின் அடியைப் பாருங்கள். அங்கே வளைந்த கொக்கி இருந்தால் பிராக்சினியஸ். நேரான குறுக்குச்சுவர் மட்டும் இருந்தால் ஆல்பிடஸ். எண்ணெய்த்துளி விட்டுப் பார்க்கும் நூறு மடங்கு லென்ஸ் நுண்ணோக்கியில் வேண்டும். தண்ணீரில் பார்த்து முடித்தபின் காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றினால் கொக்கி தெளியும்.

கேள்வி: வித்துப்பையின் நுனி நிறம் மாறுகிறதா என்று பார்க்க உதவும் அயோடின் கரைசலான மெல்சர் எங்கே கிடைக்கும்?

பதில்: தேடாதீர்கள். லுகால் போதும்: ஒரு கிராம் அயோடின், மூன்று கிராம் பொட்டாசியம் அயோடைடு, நூறு மில்லி தண்ணீர்.

கேள்வி: பழைய நூல்கள் அனைத்தும் மெல்சரைத்தானே சொல்கின்றன? அவர்கள் எல்லோரும் தவறா?

பதில்: தவறல்ல, ஒன்றைத் தவறவிட்டார்கள். சில வித்துப்பைகளின் நுனி லுகாலில் சிவக்கும். மெல்சரில் அந்தச் சிவப்பு எழுவதே இல்லை, நீங்களும் ‘வினை இல்லை’ என்று எழுதிவிடுவீர்கள். 1987-இல் பூஞ்சை ஆய்வாளர் ஹான்ஸ்-ஓட்டோ பரால் இதை விரிவாக எழுதினார்.

கேள்வி: பொட்டாஷ் விட்டபின் எனக்கு மெல்சரிலும் நீலம் வந்ததே!

பதில்: வரும். பொட்டாஷ் பட்டால் சிவக்க வேண்டியதும் நீலமாகிவிடும். அப்போது இயல்பிலேயே நீலமா, பொட்டாஷால் வந்த நீலமா என்று எப்படிச் சொல்வீர்கள்? அதனால்தான் முதலில் தண்ணீர், அடுத்து லுகால், பொட்டாஷ் கடைசியில். இந்த வழக்கை இத்துடன் முடிக்கிறேன்.

கேள்வி: என் படத்தையும் பார்த்துப் பெயர் சொல்வீர்களா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சாப்பிடலாமா?

பதில்: ஒரு மில்லிமீட்டரையா?

கேள்வி: சிவப்புக் கிண்ணம், ஓரத்தில் கண்ணிமை போலக் கறுத்த மயிர்கள். ஸ்குடெல்லினியா என்று நினைக்கிறேன். எந்த இனம்?

பதில்: பேரினம் சரியாக இருக்கலாம். இனத்துக்கு வித்தின் மேல் உள்ள கரடுகளைப் பார்க்க வேண்டும். லாக்டிக் அமிலத்தில் கலந்த காட்டன் நீலத்தைச் சூடாக்கிச் சாயம் ஏற்றுங்கள். மயிரின் அடி எத்தனை கிளையாகப் பிரிகிறது என்றும் குறியுங்கள். பைக்குள் இருக்கும் இளவித்துகளை நம்ப வேண்டாம். கண்ணாடித் தகட்டின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால், முதிர்ந்தவை தாமே தெறித்து விழும்.