மூட்டைக் கணக்கும் எடைக் கணக்கும்

வணக்கம் ஐயா,

ஒளித்துகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பாவூர்சத்திரத்தில் காய் எடுத்து, புளியரை செக்போஸ்ட் வழியாகப் புனலூருக்கு அனுப்புகிறவன். இங்கே நூறு மூட்டை ஏற்றினால் அங்கேயும் நூறுதான் இறங்கும். எடை மட்டும் குறையும், காயில் தண்ணீர் வற்றிவிடும். பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலை நீண்டு ஆற்றல் குறைகிறது என்கிறீர்கள். குறைந்தது எங்கே போனது? ஆற்றல் பொட்டலமாகத்தான் வரும் என்றால், வழியில் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் கசியும்?

வாசகர், செங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் லாரி பாதி தூரம் பிரமாதமாக ஓடுகிறது.

பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அன்று அது 3,000 கெல்வின் சூட்டில் இருந்தது. வழியில் அலை சுமார் 1,100 மடங்கு நீண்டு, இன்று 2.7 கெல்வின் மைக்ரோ அலையாக வந்து சேர்கிறது. 1964-ல் அமெரிக்க வானொலி வானியலாளர்கள் பென்சியாசும் வில்சனும் என்ன செய்தும் போகாத இரைச்சலாகக் கேட்டது இதைத்தான். மொட்டைமாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பிய காலத்தில், நிலையம் கிடைக்காத டிவியில் பெய்த புள்ளி மழையிலும் இதன் பங்கு கொஞ்சம் உண்டு. இப்போது உங்கள் கடையில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இந்த ஒளியின் துகள்கள் சுமார் 410 இருக்கின்றன. இடம் பெருகியதால் நெருக்கம் குறைந்ததே தவிர, மூட்டை எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான்.

பொட்டலம் கசியவும் இல்லை. அரை மூட்டை கிடையாது என்றுதான் குவாண்டம் விதி சொல்கிறது. எல்லா மூட்டையும் 50 கிலோ என்று சொல்லவில்லை. ஒரு துகளின் ஆற்றல் என்பது பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணை அதிர்வெண்ணால், அதாவது அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதால், பெருக்கினால் வருவது. அலை நீண்டால் அதிர்வெண் இறங்கும்; அது இறங்கினால் மூட்டை முழுசாகவே சிறுத்துவிடும்.

சரி, எடைக்கு வருவோம். உங்கள் காயின் தண்ணீர் காற்றில் போகிறது. ஒளிக்கும் அப்படி ஏதோ ஒன்று இருக்கும், போகிற வழியில் அது களைத்துப்போகிறது என்று 1929-ல் வானியலாளர் ஸ்விக்கி சொல்லிப் பார்த்தார். களைப்பு என்றால் நிறம்தானே மாற வேண்டும்? அலை இரண்டு மடங்கு நீண்டு வரும் தொலைதூர சூப்பர்நோவா (வெடித்துச் சிதறும் விண்மீன்), 20 நாளில் மங்க வேண்டியது, நமக்கு 40 நாள் எடுத்துக்கொள்கிறது. களைப்பு நாள் கணக்கை நீட்டாது; வெளி விரிந்தால்தான் அதுவும் நீளும்.

அதிர்வெண் மூட்டையில் ஒட்டிய சீட்டு அல்ல. அளக்கிறவரையும் சேர்த்தால்தான் அதற்கு அர்த்தம். இங்கே ஏற்றிய இடத்து எடைமேடையும் இறக்குகிற இடத்து எடைமேடையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே இருக்கின்றன.

ஆற்றல் ஏன் மாறாமல் இருக்கிறது என்பதற்கு கணிதவியலாளர் எம்மி நோதர் 1918-ல் காரணம் காட்டினார்: நேற்றும் இன்றும் பின்னணி ஒரே மாதிரி இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு நேராகும். புளியரைக்கும் புனலூருக்கும் நடுவே அப்படித்தான் இருக்கிறது. விரியும் வெளியில் அந்த நிபந்தனையே இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், குறைந்தது எங்கேயும் போகவில்லை என்பதுதான். சிலர் ஈர்ப்பின் பெயரில் வரவு எழுதி ஏட்டை நேராக்குவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஒப்புதல் இல்லை. கணக்கு இடிக்கும்போது ‘இதர வகை’ என்று ஒரு வரி எழுதுவார்களே, அது உங்களுக்குத் தெரியாததா!