சின்ன விமானங்கள் ஏன் விழுகின்றன? ஒரு பயிற்றுநரிடம் கேள்வி பதில்

நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானங்களில் பல வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். சின்ன விமான விபத்துகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரிய பயணிகள் விமானங்களைப் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன், அது வேறு உலகம்.

கேள்வி: சார், நடுவானில் எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடும்தானே? பெரும்பாலான விபத்துகளுக்கு அதுதானே காரணம்?

இரண்டுமே இல்லை. எஞ்சின் நின்றாலும் இறக்கை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். செஸ்னா 172 போன்ற விமானம் ஒரு அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னால் போகும். 3,000 அடி உயரத்தில் நின்றது என்றால், காற்று எதிராக இல்லாதபோது, எட்டு கிலோமீட்டர் வரை மிதந்து போகலாம். கையில் நான்கு நிமிடம் இருக்கிறது. ஒரு வயலையோ சாலையையோ தேர்ந்தெடுக்க அது போதும்.

காரணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் சிறு விமான விபத்துகளை வருடக்கணக்காக ஆராய்ந்து வருகிறார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விமானியின் முடிவிலோ கைப்பழக்கத்திலோ போய் நிற்கிறது. மிச்சத்தில்தான் இயந்திரக் கோளாறு வருகிறது. “எஞ்சின் நின்றுபோச்சு” என்று சொல்லப்படும் விபத்துகளிலும் கணிசமானவற்றில் எஞ்சின் நன்றாகத்தான் இருந்திருக்கும், அதற்குப் பெட்ரோல்தான் போய்ச் சேர்ந்திருக்காது.

கேள்வி: பெட்ரோல் தீர்ந்து விமானம் விழுமா? பைக்கில் போகிறவனே பார்த்துவிட்டுத்தானே கிளம்புகிறான்?

எனக்கும் ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது. இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, உண்மையிலேயே தீர்ந்துபோவது. புறப்படும்போது கணக்குப் போட்டிருப்பார்கள், ஆனால் எதிர்க்காற்று எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்திருக்கும், அல்லது மழையைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள். வழியில் ஒரு விமான நிலையத்தைத் தாண்டும்போது இறங்கி நிரப்பியிருக்கலாம். “இன்னும் இருபது நிமிடம்தானே” என்று தாண்டிவிடுவார்கள். அமெரிக்க விதிப்படி பகலில் பார்வையை நம்பிப் பறக்கும் விமானம் போய்ச் சேர்ந்த பிறகும் 30 நிமிடத்துக்கும், இரவில் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் மிஞ்சும்படி கிளம்ப வேண்டும். அது குறைந்தபட்சம்தான். என் மாணவர்களிடம் ஒரு மணி நேரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது வகைதான் வயிற்றெரிச்சல். ஒரு இறக்கையின் டாங்க் காலி, மறு இறக்கையில் பாதி இருக்கும். எந்த டாங்கிலிருந்து எடுப்பது என்று திருப்பிவிடும் குமிழை மாற்ற மறந்திருப்பார்கள். விழுந்த விமானத்திலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கும்!

அப்புறம், சின்ன விமானங்களின் எரிபொருள் முள்ளை நம்பாதீர்கள். டாங்கின் மூடியைத் திறந்து, அளவுக்குச்சி விட்டுப் பார்ப்பதுதான் சரியான முறை. டாங்கின் அடியில் இருக்கும் சிறு வால்விலிருந்து கொஞ்சம் பிடித்தும் பார்க்க வேண்டும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். இந்த விமானங்களுக்கான வழக்கமான பெட்ரோல் இளநீலமாக இருக்கும். கண்ணாடிக் குவளையில் நிறமே தெரியவில்லையென்றால் நீங்கள் பிடித்தது முழுக்கத் தண்ணீராக இருக்கலாம். இதில் ஏமாந்தவர்கள் உண்டு.

கேள்வி: மேகத்துக்குள் போவது அவ்வளவு ஆபத்தா? பயணிகள் விமானம் தினமும் போகிறதே.

அந்த விமானிகள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி பெற்றவர்கள், அந்தப் பயிற்சியை விடாமல் செய்துகொண்டிருப்பவர்கள். வெளியே பார்த்துப் பறக்க மட்டும் தெரிந்தவர் மேகத்துக்குள் நுழைவதுதான், என் கணக்கில், இந்தப் பட்டியலிலேயே மோசமானது. இறங்கும்போது நடக்கும் விபத்துகள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் அவற்றில் பெரும்பாலும் சக்கரமும் பணமும்தான் போகும். மேகத்துக்குள் நடப்பவற்றில் பிழைப்பவர்கள் அபூர்வம்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் இருக்கும் திரவத்தின் அசைவை வைத்துத்தான் உடம்பு திரும்புகிறதா என்று மூளை கண்டுகொள்கிறது. விமானம் மெதுவாக, ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சுமார் இருபது விநாடியில் அந்தத் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். மூளைக்கு “நேராகப் போகிறோம்” என்று தகவல் போகும். தொடுவானம் கண்ணில் பட்டால் ஒரு நொடியில் பொய் தெரிந்துவிடும். மேகத்துக்குள் அது ஏது? இதற்குள் விமானம் சாய்ந்து, மூக்கு தாழ்ந்து, வேகம் கூடுகிறது. “ஐயோ இறங்குகிறதே” என்று விமானி கண்ட்ரோலை இழுப்பார். சாய்ந்திருக்கும் விமானத்தில் இழுத்தால் சுழற்சிதான் இறுகும்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே தெரியாதபடி செய்து, பயிற்றுநரோடு பறக்க வைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை.

மேகமே வேண்டும் என்றுகூட இல்லை. 1999 ஜூலை 16 இரவில், முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர் தன் பைப்பர் சரடோகா விமானத்தில் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிக் கடல்மேல் போனார். மூட்டமான இருட்டு. கீழே கடலும் கறுப்பு, மேலே வானமும் கறுப்பு, நடுவில் தொடுவானக் கோடு இல்லை. விமானம் கடலில் விழுந்தது, மூவரும் இறந்தார்கள். திசை உணர்வு தப்பியதுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. எஞ்சினில் எந்தக் கோளாறும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கேள்வி: பயிற்சி மாணவி நான். ஓடுதளத்துக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தைப் பற்றி எங்கள் பயிற்றுநர் பயமுறுத்திக்கொண்டே இருக்கிறார். அவ்வளவு இருக்கிறதா?

இருக்கிறது, அவர் சொல்வதைக் கேளுங்கள். பக்கவாட்டிலிருந்து ஓடுதளத்தை நோக்கித் திரும்பும்போது பின்காற்று தள்ளினால், ஓடுதளத்தின் நேர்க்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். “இன்னும் கொஞ்சம் திரும்பு” என்று மனசு சொல்லும். தரை பக்கத்தில் இருப்பதால் அதிகமாகச் சாய்க்கப் பயமாக இருக்கும். அதனால் சாய்க்காமல், காலால் சுக்கான் மிதியை அழுத்தி மூக்கை மட்டும் திருப்பப் பார்ப்பீர்கள். மூக்கு தாழும், உடனே கை இழுக்கும். உள்பக்க இறக்கை மெதுவாகவும் செங்குத்தான கோணத்திலும் காற்றைச் சந்திக்கிறது. அது முதலில் தன் தூக்கும் சக்தியை விட்டுவிடும், விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு சுழலத் தொடங்கும். அந்த இடத்தில் உங்கள் உயரம் ஐந்நூறு அடி இருந்தால் அதிகம். மீள்வதற்கு அது போதாது.

ஸ்டால் என்றால் எஞ்சின் நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள், செய்தியிலும் அப்படியே எழுதுகிறார்கள். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் அதன்மேல் காற்று ஒட்டி ஓடாது, அவ்வளவுதான். எந்த வேகத்திலும் நடக்கலாம். உயரத்தை விடாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம் 1.4 மடங்காகிறது. நேராகப் போகும்போது 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் அப்போது 70-இலேயே விழும்.

கோட்டைத் தாண்டிவிட்டீர்களா? விட்டுவிடுங்கள். எஞ்சினுக்கு முழு சக்தி கொடுத்து மேலே போய் இன்னொரு சுற்று வாருங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் அவர்களோடு பறக்காதீர்கள்.

கேள்வி: மேலெழும்பியவுடன் எஞ்சின் நின்றால் திரும்பி ஓடுதளத்துக்கே வரலாமா?

உயரம் குறைவு என்றால் வேண்டாம். மூக்கைத் தாழ்த்தி, முன்னால் தெரிவதில் நல்லதாகப் பார்த்து இறங்குங்கள். திரும்ப முயன்றால் மேலே அந்த மாணவிக்குச் சொன்ன கதைதான், எஞ்சின் இல்லாமல்.

கேள்வி: கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்கிறார்கள். குளிர் நாட்டுப் பிரச்சினைதானே?

இல்லவே இல்லை. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போதும், பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பம் மளமளவென்று இறங்கும். 20 டிகிரிக்கும் மேற்பட்ட வெளிவெப்பத்தில், ஈரப்பதம் அதிகமாக இருந்தால் உள்ளே ஐஸ் கட்டும். எஞ்சினைத் தணித்து இறங்கும்போது வாய்ப்பு இன்னும் அதிகம்.

எனக்கே நடந்திருக்கிறது. இறங்கிக்கொண்டிருந்தோம், எஞ்சின் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு இரும ஆரம்பித்தது. சூடான காற்றை விடும் குமிழை இழுத்தேன். இழுத்ததும் இருமல் இரண்டு மடங்கானது! உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது, அதனால்தான். பக்கத்தில் இருந்த மாணவர் பதறிப்போய்க் குமிழை மறுபடி உள்ளே தள்ளக் கை நீட்டினார். கையைத் தட்டிவிட்டேன். பத்துப் பதினைந்து விநாடியில் எஞ்சின் பழையபடி பாட ஆரம்பித்தது. அவர் தள்ளியிருந்தால் நாங்கள் யார் வயலிலாவது இறங்கியிருப்போம், விசாரிக்க வருகிறவர்கள் வருவதற்குள் ஐஸும் உருகிக் காணாமல் போயிருக்கும்.

கேள்வி: அனுபவசாலிகளும் சாகிறார்களே, ஏன்?

போயே ஆக வேண்டும் என்கிற வெறிதான். 1996 ஏப்ரல் 11-இல் ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி அமெரிக்காவைக் குறுக்கே கடந்து பறக்கும் பயணத்தில் இருந்தாள். பொறுப்பு விமானி, கூடவே இருந்த பயிற்றுநர். தந்தையும் இருந்தார். ஷயன் நகரில் காலையில் இடியும் மழையும். அந்த விமான நிலையம் 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது, காற்று மெல்லியது, எஞ்சினுக்கும் இறக்கைக்கும் வலு குறைவு. விமானத்தில் அனுமதித்ததைவிட அதிக எடை. அடுத்த ஊரில் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். கிளம்பினார்கள். சற்று நேரத்தில் ஸ்டால் ஆகி விழுந்து மூவரும் இறந்தார்கள். அந்தப் பயிற்றுநருக்கு இதில் எது தெரியாது? எல்லாமே தெரியும்.

வித்தை காட்டுவது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. 1980 ஜூன் 23-இல் டெல்லியில் சஞ்சய் காந்தி பிட்ஸ் எஸ்-2ஏ விமானத்தில் தாழ்வான உயரத்தில் சாகசம் செய்யும்போதுதான் விழுந்தார். சாகசம் தப்பில்லை, உயரத்தில் செய்தால்.

கேள்வி: விஷவாயுவால் விபத்து என்று படித்தேன். விமானத்தில் எப்படி?

பல சின்ன விமானங்களில் அறையைச் சூடாக்கும் காற்று, புகைக்குழாயின் வெளிப்பக்கத்தைத் தொட்டு வருகிறது. குழாயில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், மணம் கிடையாது. 2019 ஜனவரி 21 இரவில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா போன பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவர் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தை அந்த வாயு பிடித்திருந்தது. விமானிக்கு இரவில் பறக்க அனுமதியும் இல்லை. ஒன்று மட்டும் தப்பாக இருப்பது அபூர்வம், பாருங்கள். எச்சரிக்கைக் கருவி கையளவுதான், விலையும் அதிகமில்லை. அது இல்லாத விமானத்தில் நான் ஹீட்டரைப் போடுவதில்லை.

கேள்வி: வானத்தில் இரண்டு விமானம் மோதுவது?

குறைவு. நடப்பவையும் பெரும்பாலும் நல்ல வெளிச்சத்தில், விமான நிலையத்தின் பக்கத்தில்தான். எல்லோரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள் அல்லவா.

கேள்வி: விமானத்துக்கே பாராசூட் வந்துவிட்டதே, இனி என்ன கவலை?

சிர்ரஸ் விமானங்களில் உண்டு. நல்ல ஏற்பாடு, பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் விரிவதற்கு உயரம் வேண்டும், இழுப்பதற்கு மனசும் வேண்டும். “நானே சமாளித்துவிடுவேன்” என்று கடைசிவரை கைப்பிடியைத் தொடாமலே போனவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: நண்பர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார், கூட்டிப்போகிறேன் என்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

நிறைய. முதல் நாளே அவரிடம் “நாளைக்கு வானிலை சரியில்லையென்றால் காரில் போய்க்கலாம், நான் அங்கே சொல்லி வைத்துவிட்டேன்” என்று சொல்லுங்கள். நிஜமாகவே சொல்லியும் வையுங்கள். அவர் முதுகிலிருந்து பாதிச் சுமை இறங்கிவிடும். உங்கள் எடையையும் பையின் எடையையும் வெட்கப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள். எழும்பும்போதும் இறங்கும்போதும் பேச்சுக் கொடுக்காதீர்கள். நடுவழியில் கதவு படீரென்று கொஞ்சம் திறந்துகொண்டால் சத்தம் பயங்கரமாக இருக்கும், ஆனால் விமானம் பறக்கும். அவர் அதை மூட முயலாமல் பறப்பதைக் கவனிக்கட்டும்.

முன் இருக்கையில் உட்கார்ந்தால், கொக்கி விழுந்திருக்கிறதா என்று இருக்கையை ஒரு முறை முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பாருங்கள். பழைய செஸ்னாக்களில் எழும்பும் நேரத்தில் இருக்கை தண்டவாளத்தில் பின்னால் வழுக்கிப்போனது உண்டு. வழுக்கினாலும் எதிரே இருக்கும் கண்ட்ரோலை மட்டும் பிடித்துவிடாதீர்கள்.