தடித்த ஒடுங்கிய எழுத்துரு: பதாகையில் தமிழை எப்படி அமைப்பது?

பள்ளி விளையாட்டு விழாப் பதாகையில் ஆங்கிலத் தலைப்பை இம்பாக்ட் எழுத்துருவில் அமைத்ததாகவும், அதே தோற்றம் வரும்படி தமிழ் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி, விளிம்புக்கோடு சேர்த்துத் தடிப்பாக்கியபோது மை கொட்டியதுபோல் ஆகிவிட்டதாகவும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிழை எங்கே, விழா விவரங்களையும் இம்பாக்டிலேயே தரலாமா என்பன அவர் கேள்விகள்.

இம்பாக்ட், 1965இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் எழுத்து வார்ப்பகத்துக்காக ஜெஃப்ரி லீ வடிவமைத்தது. கிடைக்கும் உயரத்துக்குள் இயன்ற அளவு மையை நிரப்புவதே அதன் நோக்கம் என்பதால், சிற்றெழுத்துகள் பேரெழுத்துகளை நெருங்கும் அளவுக்கு உயரமாகவும், மேலும் கீழும் நீளும் கோடுகள் குட்டையாகவும், எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் ஒரு கீற்றளவாகவும் அமைந்திருக்கின்றன. ஐந்தாறு சொற்களைத் தொலைவிலிருந்து படிக்கவைக்க இது மிகப் பொருத்தமானது. தேதிக்குரிய எண்களும் இதில் கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்தக் கீற்றளவு வெற்றிடம் சிறிய அளவில் அடைபட்டுவிடும். ஆகவே நேரம், இடம், விருந்தினர் பெயர் முதலியவற்றைச் சாதாரணத் தடிப்புள்ள வேறோர் எழுத்துருவில் தாருங்கள்.

தமிழுக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பதாகைகளில் நான் அடிக்கடி கண்டு வருந்தும் பிழை இது. மென்பொருளில் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டுமே மெலியும். கிடைக்கோடுகள் பழைய தடிப்பிலேயே நிற்கும். அதனால் ‘ப’ என்ற எழுத்து கனத்த தரையும் மெலிந்த சுவர்களும் கொண்டதாகிவிடுகிறது. கையால் பலகை எழுதும் ஓவியர் இடம் போதாமல் எழுத்தைக் குறுக்கினாலும் அவர் தூரிகையின் அகலம் மாறுவதில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அடுத்து, விளிம்புக்கோடு வெளியே வளரும் அளவுக்கு உள்ளேயும் வளர்ந்து சுழிகளை அடைக்கிறது. இரண்டு சுழி ‘ன’வுக்கும் மூன்று சுழி ‘ண’வுக்கும் உள்ள வேறுபாடே சுழிகளில்தான் இருக்கிறது, அவை அடைபட்டால் ‘மனம்’ எது, ‘மணம்’ எது என்று சாலையில் செல்பவருக்குத் தெரியாது.

குறுகிய எழுத்து வேண்டுமென்றால், அந்த அகலத்துக்கென்றே வரையப்பட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எக் டைப் நிறுவனம் உருவாக்கிய ‘அனேக் தமிழ்’ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அகலத்தை 75 முதல் 125 வரையிலும் தடிப்பை 100 முதல் 800 வரையிலும் மாற்றிக்கொள்ளலாம். அகலம் 75, தடிப்பு 700 என்று தொடங்குங்கள். அப்போதும் அது இம்பாக்ட் அளவுக்குக் கறுப்பாக இராது. அதற்காகத் தமிழை மேலும் தடிப்பாக்காமல், ஆங்கிலத்தை வெர்னான் ஆடம்ஸ் வடிவமைத்த ஆஸ்வால்டு எழுத்துருவின் தடித்த வகைக்கு மாற்றினால் இரண்டும் இணங்கி நிற்கும்.

வரி இடைவெளியிலும் கவனம் தேவை. பேரெழுத்துகளில் மட்டும் அமைந்த ஆங்கிலத் தலைப்பில் வரிகளை ஒட்டி அடுக்கலாம். தமிழில் மேலே புள்ளியும், ‘கி’, ‘மீ’ ஆகியவற்றின் மேல்வளைவான விலங்கும், கீழே ‘கு’, ‘மு’ ஆகியவற்றின் வளைவுகளும் இருப்பதால் அப்படிச் செய்தால் ஒன்றோடொன்று மோதும்.

அச்சுக்கு அனுப்பும் முன் தலைப்பை ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, 15 அடி தள்ளி நின்று பாருங்கள். ‘ண’வின் மூன்று சுழிகளையும் எண்ண முடியாவிட்டால் தடிப்பை 600 ஆகக் குறையுங்கள்.