பி.டி. சார் பதில்கள்: சுவரில் கை, மேடையில் கால்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நீச்சல். ஊரணிகளில் தண்ணீர் நிற்கிறது போலிருக்கிறது, சந்தோஷம். அரசியல் கேள்விகள் அடுத்த இதழில்.

கல்லூரி மாணவர், பள்ளத்தூர்: சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா, 2025 ஜூலையில் அங்கே நடந்த உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் 4x100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலேயைப் பார்த்தாராம். தனியாக நீந்துவதைவிட ரிலேயில் எல்லோரும் வேகமாக நீந்துவார்கள் என்கிறார். அது எப்படி சார்?

உங்கள் சித்தப்பா கொடுத்து வைத்தவர். ஆஸ்திரேலியா 3 நிமிடம் 8.97 விநாடியில் தங்கம் வாங்கியது. இரண்டாவது வந்த இத்தாலிக்கும் மூன்றாவது வந்த அமெரிக்காவுக்கும் இடையே 0.06 விநாடிதான்.

ஆளுக்குப் பலம் கூடுவதில்லை தம்பி, கிளம்புகிற விதம்தான் மாறுகிறது. தனிப்போட்டியில் சத்தம் காதில் விழுந்து கால் மேடையை விடுவதற்குள் 0.6, 0.7 விநாடி போய்விடும். ரிலேயில் நாலு பேர் அடுத்தடுத்து ஆளுக்கு 100 மீட்டர் நீந்துவார்கள்; அந்த நஷ்டம் முதல் ஆளுக்கு மட்டும். மற்ற மூவரும் எதிரே வருகிறவனைப் பார்த்துக்கொண்டே கையை வீசி, உடம்பை முன்னால் சாய்த்துவிடுவார்கள். அவன் கை சுவரில் படும்போது இவன் கால் விரல் மேடையில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும்.

அதனால்தான் முதல் ஆளின் நேரத்தை மட்டும் தனிநபர் சாதனையாக ஏற்பார்கள். 2024 பிப்ரவரியில் தோஹாவில் சீனாவின் பான் ஜான்லே ரிலேயின் முதல் ஆளாக 100 மீட்டரை 46.80 விநாடியில் நீந்தினார். உலக சாதனை என்று எழுதிக்கொண்டார்கள். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் மெட்லி ரிலேயில் (நாலு பேரும் நாலு விதமாக நீந்துவது) கடைசி ஆளாக 45.92. அது கணக்கில் ஏறவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தேவகோட்டை: நீங்கள் பார்த்ததில் மறக்க முடியாத ரிலே?

இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். 2008 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. பெய்ஜிங் ஒலிம்பிக், ஆண்கள் 4x100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலே. நீச்சல் இறுதிப் போட்டிகளைக் காலையில் வைத்திருந்தார்கள், அதனால் நமக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். வீட்டில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் தட்டில் வைத்தாயிற்று. நான் தட்டோடு டி.வி. முன்னால் நின்றேன்.

அமெரிக்காவுக்கு முதல் ஆள் மைக்கேல் ஃபெல்ப்ஸ், 47.51. பக்கத்திலேயே ஆஸ்திரேலியாவின் ஈமன் சல்லிவன் 47.24 போட்டு, 100 மீட்டர் உலக சாதனையையே உடைத்தார். ஆனால் சண்டை அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும்தான். பிரான்சின் மூன்றாவது ஆள் பிரெடரிக் பூஸ்கே 46.63-ல் வந்து சுவரைத் தொட்டபோது அமெரிக்கா 0.59 விநாடி பின்தங்கிவிட்டது. மிச்சம் 100 மீட்டர். பிரான்சுக்கு அலான் பெர்னார்; அன்று காலை வரை 100 மீட்டர் உலக சாதனை அவர் பெயரில்தான் இருந்தது. அமெரிக்காவுக்கு ஜேசன் லெசாக், வயது 32. முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும், சிட்னியில் ஆஸ்திரேலியாவிடமும், ஏதென்ஸில் தென்னாப்பிரிக்காவிடமும் இதே ரிலேயில் தங்கத்தைப் பறிகொடுத்த அணிகளில் இருந்த மனுஷன்.

50 மீட்டரில் திரும்பும்போது இடைவெளி இன்னும் கூடிப்போனது. நான் 'போச்சு' என்று சொல்லிவிட்டுப் பணியாரத்தைத் துவையலில் தொட்டேன். வாய்க்குப் போகவில்லை. லெசாக் பிரெஞ்சுக்காரரின் பக்கம் இருந்த தடக் கயிற்றை ஒட்டியே வந்தார். முன்னால் போகிறவன் கிளப்பும் அலை பக்கத்தில் வருகிறவனைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். ஊரணியில் நீந்தினவர்களுக்கு இது தெரியும். பெர்னார் இடம் கொடுத்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம். கடைசி வீச்சில் லெசாக் கை முந்தியது. அமெரிக்கா 3:08.24, பிரான்ஸ் 3:08.32. விநாடியில் நூறில் எட்டு பங்கு!

லெசாக் நீந்தியது 46.06. மூன்று நாள் கழித்துத் தனிப்போட்டியில் அதே மனுஷன் 47.67 போட்டு, பிரேசிலின் சீசர் சியலோவோடு வெண்கலத்தைப் பங்கு போட்டுக்கொண்டார். அதில் தங்கம் பெர்னாருக்கு! இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் 1.61 விநாடி. மேடையில் மிச்சமானது அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே, அலையில் கொஞ்சம். மீதி எங்கிருந்து வந்தது? பி.டி. சாராக முப்பது வருஷம் விசில் ஊதினவனுக்கும் அதற்குக் கணக்கு வரவில்லை.

அன்றைக்குப் பிரேயருக்கு நான் லேட். தலைமையாசிரியரிடம் டயர் பஞ்சர் என்றேன்.

வாசகர், கண்டனூர்: கை படுவதற்கு முன்னால் குதித்துவிட்டால் நாலு பேருக்கும் போச்சா?

நாலு பேருக்கும் போச்சு. 2007-ல் மெல்போர்ன் உலக சாம்பியன்ஷிப், மெட்லி ரிலே தகுதிச் சுற்று. அமெரிக்காவின் இயன் குரோக்கர் 0.04 விநாடி முந்திக் கிளம்பினார். கருவிப் பிழைக்காக 0.03 வரை விட்டுக்கொடுப்பார்கள். மிச்சம் 0.01; அதற்காக அணியே வெளியே. அங்கே ஏழு தங்கம் வாங்கிய ஃபெல்ப்ஸுக்கு எட்டாவது அப்படித்தான் போனது.

என் கதையில் நூறில் ஒரு பங்கெல்லாம் இல்லை. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி ஊரணியில் பழகினவன் நான், மேடை ஏறிக் குதித்தது கிடையாது. பள்ளிக்காக ஒரு ரிலேயில் மூன்றாவது ஆள். எதிரே வந்தவன் இன்னும் ஒரு கை வீசணும், நான் தண்ணீருக்குள். கரையில் நின்ற நடுவர் சிரித்தேவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் என்னோடு பேசவில்லை. ஒருவன் மட்டும் இறங்கும்போது கடலை மிட்டாயில் பாதி கொடுத்தான். இப்போதும் செவ்வாய்ச் சந்தையில் பார்த்தால் 'என்னண்ணே, குதிச்சாச்சா?' என்பான்.

ஆச்சி ஒருவர், கோட்டையூர்: ஃப்ரீஸ்டைல் என்றால் இஷ்டம்போல் நீந்தலாம்தானே? என் பேரன் நாய் நீச்சல்தான் அடிக்கிறான்.

தாராளமாக அடிக்கட்டும் ஆச்சி, விதி தடுக்காது. திரும்பும்போதும் முடிக்கும்போதும் சுவரைத் தொடணும். குதித்ததும் திரும்பியதும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வரணும். தடக் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. களைத்துப்போனால் தரையில் கால் ஊன்றி நிற்கலாம். நடந்தால்தான் வெளியே அனுப்புவார்கள். கோழித் திருடனைப் போல நின்ற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

குடும்பத் தலைவி, கானாடுகாத்தான்: நீந்துவது நாலு பேர். மெடல் மட்டும் ஏழு பேருக்குக் கொடுத்தார்களாமே?

காலையில் காய் நறுக்கினவரும் பந்தி பரிமாறினவரும் வேறு வேறு ஆள் என்றால், கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு இரண்டு பேருக்கும் உண்டுதானே? பெய்ஜிங்கில் தகுதிச் சுற்றில் நீந்திய அமெரிக்க நால்வரில் கல்லன் ஜோன்ஸ் மட்டும் இறுதிக்கும் வந்தார். மற்ற மூவரையும் சேர்த்து ஏழு தங்கம். அந்தத் தகுதிச் சுற்று நால்வரே 3:12.23 என்று உலக சாதனை வைத்துவிட்டுத்தான் கரையேறினார்கள்.

வாசகர், புதுவயல்: இந்தியா ஏன் ரிலேயில் மேலே வருவதில்லை?

தனி ஆள் வருவான். 1986 ஆசிய விளையாட்டில் கஜான் சிங் வெள்ளி, 2010-ல் வீர்தவால் காடே வெண்கலம். நடுவே 24 வருஷம். ரிலேக்கு அப்படி நாலு பேர் ஒரே காலத்தில் வேண்டுமே.

இளைஞர் மன்றம், ஆத்தங்குடி பக்கம்: எங்கள் ஊரணியில் பொங்கலுக்கு ரிலே நடத்தலாமா?

குடிதண்ணீர் ஊரணி என்றால் வேண்டவே வேண்டாம், ஊர் திட்டும். குளிக்கிற ஊரணி என்றால் நடத்துங்கள். ஆனால் குதிக்க விடாதீர்கள். படிக்கல் தண்ணீருக்குள் எதுவரை நீள்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்த இடத்தில் பாசி. ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றே கிளம்பட்டும். வருகிறவன் தோளைத் தொட்டால் அடுத்தவன் போகலாம். இரண்டு கரையிலும் பங்காளி இல்லாத ஆளாகப் பார்த்து நடுவர் போடுங்கள். தூரம் அளக்க 50 மீட்டர் கயிறு என் வீட்டில் இருக்கிறது. போன வருஷம் வாங்கிப் போனவர்கள் 47 மீட்டராகத் திருப்பிக் கொடுத்தார்கள். அளந்துதான் தருவேன், அளந்துதான் வாங்குவேன்.