கேம்பிங் கேஸ் கேன்களை வீட்டில் எங்கே வைப்பது? காலியானதைக் குப்பையில் போடலாமா?

கேட்டவர் சென்னையில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறார். ட்ரெக்கிங்கில் மிச்சமான கேன்கள் ஆறு: ஒன்று புதியது, மூன்று பாதி, இரண்டு "காலி". அந்தக் "காலி" என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது.

பாதி கேனில் பாதி அழுத்தம்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கிய பியூட்டேன் என்ற எரிவாயு. ஒரு ஸ்பூன் திரவம் மிச்சமிருந்தாலும் அழுத்தம் முழுக் கேனில் உள்ள அதே அளவுதான். அதை முடிவு செய்வது வெப்பம். பியூட்டேன் கேனுக்குள் 20 டிகிரியில் சுமார் 2 பார், 50 டிகிரியில் சுமார் 5 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). புரொப்பேன் என்ற இன்னொரு எரிவாயுவும் கலந்த, அடுப்பைத் திருகி மாட்டும் மரை வகைக் கேனில் இதைவிட அதிகம். 50 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று கேனிலேயே அச்சடித்திருப்பார்கள். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திப் பூட்டிய கார் அதை எளிதாகத் தாண்டும். எனவே கார் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் வைப்பதில் இன்னொரு கணக்கு. 220 கிராம் பியூட்டேன் கசிந்தால் சுமார் 90 லிட்டர் வாயு. காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் என்பதால், ஒரே கேன் 5,000 லிட்டர் காற்றைப் பற்றக்கூடியதாக மாற்றிவிடும். காற்றைவிட இரண்டு மடங்கு கனம் என்பதால் அது தரையோடு தரையாகப் படியும். பத்துக்குப் பத்து அறையில் அது ஏறக்குறைய முழங்கால் உயரம். அதைப் பற்றவைக்கக்கூடிய ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும் பூஜை விளக்கும் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில், மூடிய அலமாரியில், சிங்குக்குக் கீழே, பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வைக்காதீர்கள். வெயில் படாத பால்கனி மூலையில், அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையில், நிமிர்த்தி வையுங்கள். ஏசி அவுட்டோர் யூனிட் பக்கம் வேண்டாம், அங்கே சூடான காற்று அடிக்கும்.

அடுப்போடு மாட்டியபடி வைக்கக்கூடாது. மரை வகைக் கேனின் வால்வு, அடுப்பைக் கழற்றினால்தான் தானாக மூடிக்கொள்ளும். மாட்டியே வைத்தால் கசிவைத் தடுப்பது அடுப்பின் குமிழ் மட்டும்தான். கழற்றியதும் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். வால்வுக்குள் ஒரு மணல் துகள் விழுந்தாலே அது முழுதாக மூடாது. கடலோர ஊர்களில் கேனின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும்தான் முதலில் துரு பிடிக்கும். துருத் தடம் தெரியும் கேனை முதலில் தீர்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வீட்டில் எந்த ஸ்விட்சையும் தொடாமல், கேனை நிமிர்த்திப் பிடித்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். லிஃப்ட் வேண்டாம், படியில் போங்கள்.

இனி காலி விஷயம். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஜனவரி இரவில், எரிய எரிய கேன் இன்னும் குளிர்ந்து, உள்ளே கேஸ் இருக்கும்போதே தீ அடங்கிவிடும். "தீர்ந்துபோச்சு" என்று பையில் போட்டுக் கொண்டுவந்த கேன் சென்னைச் சூட்டில் மறுபடி உயிர்பெறும். ஆட்டிப் பார்ப்பதைவிட எடைதான் நம்பகமானது. கேன் வாங்கிய அன்றே கிச்சன் தராசில் வைத்து, வந்த எடையிலிருந்து அச்சிட்ட கேஸ் எடையைக் கழித்து, மார்க்கரால் கேனிலேயே எழுதிவிடுங்கள். அதுதான் காலிக் கேனின் எடை. பிறகு எடை போட்டு அதோடு ஒப்பிடுங்கள். மூடியை இரண்டு முறையும் சேர்த்தோ, இரண்டு முறையும் கழற்றியோ எடை போடுங்கள்.

மிச்சத்தைத் திறந்தவெளியில், அடுப்பில் எரித்தே தீருங்கள். தண்ணீர் கொதிக்க வையுங்கள், வீணாகாது. தீ தானாக அடங்கிய பிறகு கேனைக் கழற்றி வெயிலில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி மாட்டிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் எரியும். தராசு எழுதிவைத்த எண்ணைக் காட்டும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

கேஸை எரிக்காமல் வீட்டுக்குள் திறந்துவிடுவது மட்டும் கூடாது. 2018 டிசம்பரில் ஜப்பானின் சப்போரோ நகரில், நூறுக்கும் மேற்பட்ட ஸ்ப்ரே கேன்களை ஓர் அலுவலகத்துக்குள் காலி செய்துவிட்டு வாட்டர் ஹீட்டரைப் போட்டார்கள். கட்டடம் வெடித்து 40 பேருக்கு மேல் காயம்.

ஓட்டை போடலாமா? ட்ரெக்கிங் கடைகளில் இதற்கென்றே ஒரு சின்னக் கருவி கிடைக்கும். எடை சரியாக இருந்து, அடுப்பை மாட்டித் திறந்தாலும் 'உஸ்' சத்தம் வராவிட்டால், திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தலாம். ஆணி சுத்தியல், ட்ரில் வேண்டாம், பொறி பறக்கும். கருவி இல்லையென்றால் ஓட்டையே போடாதீர்கள். வழக்கமான குப்பைத் தொட்டியில் போட்டால், நசுக்கும் வண்டியிலோ குப்பைக் கிடங்குத் தீயிலோ அது வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர். தனிப் பையில் போட்டு, "கேஸ் கேன்" என்று எழுதி, பேட்டரி, பெயின்ட் டப்பாவோடு வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லி, குப்பை வாங்க வருபவரிடம் தனியாகக் கொடுங்கள். ஓட்டை போட்டதை மட்டும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கலாம். ஓட்டையைக் கையால் தொட்டுக் காட்டிக் கொடுத்தால் கடைக்காரரும் நம்பி வாங்குவார்.

வீட்டு சிலிண்டரிலிருந்து இந்தக் கேன்களில் நிரப்பும் அடாப்டர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். சமையல் கேஸில் புரொப்பேனும் உண்டு, அந்த அழுத்தத்துக்கு பியூட்டேன் கேனின் மெல்லிய தகரம் செய்யப்படவில்லை. விளிம்புவரை நிரப்பிவிட்டால் திரவம் சூட்டில் விரிய உள்ளே இடமும் இருக்காது.