இறையியல் கலாநிதிப் படிப்புக்குப் புலமைப்பரிசில்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

இறையியலில் கலாநிதிப் பட்டம் பெற்று ஊர் திரும்பிய நாள் முதல் குருமாணவர்களுக்கும் பொதுநிலையினருக்கும் கற்பித்து வருகிறேன். திருகோணமலை நகரிலிருந்தும், மூதூர், கிண்ணியா, பாலையூற்று, நிலாவெளி, உப்புவெளி ஆகிய இடங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியுள்ளேன்.

கேள்வி (இளம் போதகர், உப்புவெளி): ஐயா, பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரியில் இளமாணிப் பட்டம் முடித்து இரண்டு வருடங்களாகச் சபையில் பணியாற்றுகிறேன். கலாநிதிப் படிப்புக்கு உதவும் புலமைப்பரிசில்களின் பட்டியல் ஒன்றைத் தருவீர்களா?

பதில்: தம்பி, பட்டியலுக்கு முன்னர் ஒழுங்கைச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இடறுவது அங்கேதான். முதலில் ஆய்வுக் கேள்வி, அடுத்து அக்கேள்வியை மேற்பார்வை செய்யத்தக்க பேராசிரியர், அதன் பின்னர் அவர் பணியாற்றும் பல்கலைக்கழகம், கடைசியில்தான் பணம். இறையியலுக்குக் கிடைக்கும் பெருந்தொகைகளில் பல, அனுமதியோடு சேர்ந்தே வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் டியூக், எமரி, நொட்டர்டேம், பிரின்ஸ்டன் இறையியல் செமினரி போன்ற இடங்களில் பிஎச்.டி. அனுமதி கிடைத்தவருக்குக் கற்கைக் கட்டணமும், பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கான வாழ்க்கைச் செலவுத் தொகையும் அந்த அனுமதியின் பகுதியாகவே வழங்கப்படுகின்றன. ஒக்ஸ்போர்டின் கிளாரண்டன் நிதிக்குத் தனி விண்ணப்பப் படிவமே இல்லை. டிசெம்பர் அல்லது ஜனவரியில் வரும் இறுதித் திகதிக்குள் சேர்க்கை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் அதற்கும் நீங்கள் பரிசீலிக்கப்படுவீர்கள். கேம்பிரிட்ஜின் கேற்ஸ் புலமைப்பரிசில் 2000 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பிரித்தானியருக்கு வெளியே எந்நாட்டவரும் எத்துறையினரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 80 பேரையே எடுக்கிறார்கள். கல்வித் திறனோடு, பிறருடைய வாழ்வை மேம்படுத்தும் ஈடுபாட்டையும் அவர்கள் அளவுகோலாக வைத்திருப்பதனால், சபைப் பணியில் உள்ள ஒருவர் தாம் செய்ததை அப்படியே எழுதலாம். பொதுநலவாயப் புலமைப்பரிசில் அபிவிருத்திக் கருப்பொருள்களை முன்வைத்தே வழங்கப்படுகிறது. உங்கள் ஆய்வு இயல்பாகவே சமாதானத்தையோ நீதியையோ தொட்டால் முயலுங்கள். வலிந்து பொருத்தினால் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னுமொன்று. பொதுவாக இளமாணியிலிருந்து நேரே கலாநிதிப் படிப்புக்குப் போக முடியாது. நடுவில் முதுமாணிப் பட்டம் வேண்டும். அதை அருகிலேயே பெறலாம். நீங்கள் படித்த கல்லூரி இணைந்திருக்கும், இறையியல் பட்டங்களை வழங்கும் இந்திய அமைப்பான செராம்பூர் செனட்டின் கீழேயே 1910 இல் தொடங்கிய பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியும், 1969 இல் தொடங்கிய மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் இருக்கின்றன. அங்கு ஆகும் செலவு மேற்கு நாடுகளோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு என்பதனால், சபையே அதை ஏற்கும் வாய்ப்பும் உண்டு.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): டி.மின். (ஊழியக் கலாநிதி) பட்டத்துக்கும் இந்த நிதிகள் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. டி.மின். ஊழியத்தை மேம்படுத்தும் தொழில்சார் பட்டம். ஆய்வுப் புலமைப்பரிசில்கள் பிஎச்.டி., டி.டி.எச். (இறையியல் கலாநிதி) போன்ற ஆய்வுப் பட்டங்களுக்கானவை.

கேள்வி (ஆசிரியை, நிலாவெளி): ஐயா, ஆய்வு முன்மொழிவை மூன்று முறை எழுதிவிட்டேன். "தலைப்பு மிக அகலம்" என்ற பதிலே வருகிறது. எங்கே பிழை விடுகிறேன்?

பதில்: தங்கச்சி, நானும் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டவன், இரண்டு முறையும் காரணம் இதுவே. எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய தலைப்பு "துன்பமும் கடவுளும்: ஒரு கிறிஸ்தவப் பார்வை" என்பது. இதை உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும் எழுதலாம். நீங்கள்தான் எழுத வேண்டும் என்பதற்கு அதில் ஒரு சான்றும் இல்லை. ஆனால் அதே முன்மொழிவின் நான்காம் பக்கத்தில், 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்ததையும், அதன் பின்னர் வந்த வாரங்களில் உங்கள் சபையில் விவிலியத்தின் எந்தச் சங்கீதங்கள் வாசிக்கப்பட்டன, எவை தவிர்க்கப்பட்டன என்பதையும் நான்கே வரிகளில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆய்வு அந்த நான்கு வரிகளில்தான் இருக்கிறது. அலைகள் என்மேல் புரண்டன என்னும் முறைப்பாடு 42 ஆம் சங்கீதத்திலும் 88 ஆம் சங்கீதத்திலும் வருகிறது. கடலால் உறவுகளை இழந்த ஒரு சபை அந்த வரிகளை வாய்விட்டு வாசித்ததா, மௌனமாகக் கடந்ததா, ஏன் என்பது கேட்கத் தகுந்த கேள்வி. 42 ஆம் சங்கீதம் நம்பிக்கையில் முடிகிறது. 88 ஆம் சங்கீதமோ இருளில் முடிகிறது. இந்த வேறுபாடு வாசிப்பில் எப்படி வெளிப்பட்டது என்பதைக் கரையோரச் சபைகள் நான்கை எடுத்து ஆராய்ந்தால், அகலமும் ஆழமும் தாமாகவே சரியாகும்.

அடுத்ததாக, இத்துறையில் முன்னர் பேசியவர்களோடு நீங்கள் பேச வேண்டும். சங்கீதங்களை இலக்கிய வகைகளாகப் பிரித்த ஹெர்மன் குங்கெல், முறைப்பாட்டையும் துதியையும் இணைத்து ஆராய்ந்த கிளவுஸ் வெஸ்டர்மன், முறைப்பாட்டை வழிபாட்டிலிருந்து அகற்றிய சபை எதை இழக்கிறது என்று கேட்ட வோல்ட்டர் புரூகெமன் ஆகியோரைத் தொடாமல் இந்த முன்மொழிவு நிற்காது. அவர்கள் சொன்னதைச் சுருக்கிச் சொல்வதோடு நின்றுவிடாமல், அவர்களில் யாருடைய எந்தக் கருத்தை உங்கள் சபைகள் சோதித்துப் பார்க்கின்றன என்று எழுதுங்கள். தமிழ் வாசிப்பு என்பதனால் மொழிபெயர்ப்பு வரலாறும் உங்களுக்குப் பலம்: மெதடிஸ்த மிஷனரியான பீற்றர் பேர்சிவலோடு ஆறுமுக நாவலர் விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்த மரபு இந்நாட்டுக்குரியது. சங்கீதத்தின் ஒரு எபிரேயச் சொல் தமிழில் எந்தச் சொல்லாக வந்தது, அச்சொல் ஒப்பாரியையும் தேவாரத்தையும் கேட்டு வளர்ந்த காதில் எப்படி விழுகிறது என்பதை எடின்பரோவில் பிறந்த ஒருவரால் உங்களைப் போல எழுத முடியாது. அதற்கு எபிரேயம் கற்க வேண்டும். முன்மொழிவு அனுப்பும்போதே கற்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிள்ளைகளை இழந்த தாய்மாரிடம் நேர்காணல் எடுக்கப் போகிறீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழு அதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்பது சட்டப்படியான காரியம்; அவர்களுடைய துக்கம் உங்களுடைய பட்டத்துக்கான மூலப்பொருள் ஆகிவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரியம். எப்படி அணுகுவீர்கள், யார் உடன் இருப்பார், அவர்கள் மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். நல்ல மேற்பார்வையாளர் அந்தப் பத்தியை நிச்சயம் தேடுவார்.

கேள்வி (அருட்சகோதரி ஒருவர், திருகோணமலை நகர்): கத்தோலிக்கருக்கு வழி வேறா?

பதில்: ஓரளவுக்கு வேறுதான், சிஸ்டர். உரோமையின் திருத்தந்தைப் பல்கலைக்கழகங்களில், உதாரணமாக 1551 இல் தொடங்கிய கிரகோரியன் பல்கலைக்கழகத்தில், இறையியல் இளமாணிக்குப் பிறகு பொதுவாக இரண்டு ஆண்டு லைசென்சியேட் (முதுமாணிக்கு நிகரான திருச்சபைப் பட்டம்), அதன் பின்னரே கலாநிதி என்ற வரிசை உண்டு. குருவானவர் என்றால் ஆயருடைய கடிதமும், துறவி என்றால் சபைத் தலைமையின் கடிதமும் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. திருகோணமலை மறைமாவட்டம் 2012 இல் மட்டக்களப்பு பிரிந்த பின்னர் அளவில் சிறியதாகிவிட்டதனால், ஒருவரைப் பல ஆண்டுகளுக்கு விடுவிப்பது ஆயருக்கு எளிதான முடிவாக இராது; ஆகவே முதலில் பேச வேண்டியவர் அவர்தான். ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள மிசியோ போன்ற கத்தோலிக்க உதவி நிறுவனங்களும் உள்ளூர்த் திருச்சபைத் தலைமையின் ஒப்புதலையே முதலில் பார்க்கின்றன. இத்தாலிய மொழி தடையாகத் தோன்றினால் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்: 1432 இல் நிறுவப்பட்ட அந்த இறையியல் பீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது, பொதுநிலையினரையும் ஏற்கிறது, தனக்கென உதவித் திட்டங்களையும் வைத்திருக்கிறது.

கேள்வி (இளம் போதகர், மூதூர்): லாங்ஹம் புலமைப்பரிசிலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அது யாருக்கு?

பதில்: ஜோன் ஸ்டொட் என்னும் ஆங்கிலேயப் போதகர் தம் நூல்களின் உரிமத் தொகையை இதற்கென ஒதுக்கியதிலிருந்து வளர்ந்த திட்டம் அது. வளர்முக நாடுகளின் எவாஞ்சலிக்கல் (விவிலியத்துக்கும் மனமாற்றத்துக்கும் முதன்மை தரும் புரட்டஸ்தாந்து) மரபினர் கலாநிதிப் பட்டம் பெற்று, தம் நாட்டுக்கே திரும்பி, அடுத்த தலைமுறைப் போதகர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனவே அவர்கள் உங்களை மட்டும் பார்ப்பதில்லை. நீங்கள் எங்கே திரும்பி வருவீர்கள் என்பதையும் பார்க்கிறார்கள். "இவர் முடித்து வந்ததும் எங்கள் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பிப்பார்" என்று ஓர் இறையியல் கல்லூரி எழுதித்தரும் கடிதம், உங்கள் புள்ளிகளைவிடக் கனமானது. அந்தக் கடிதத்தை ஒரு மாதத்தில் பெற முடியாது. இன்றே ஒரு கல்லூரியில் வருகைதரு விரிவுரையாளராகச் சென்று, ஒரு பாடத்தையாவது கற்பித்துப் பழகுங்கள்.

திருச்சபை நிறுவனங்களுக்கு எழுதும் அழைப்புக் கூற்றை, அதாவது இறைபணிக்கு அழைக்கப்பட்டதைச் சொல்லும் கடிதத்தை, அப்படியே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். திருச்சபை நிறுவனங்களிடம் சாட்சி சொல்லுங்கள். பல்கலைக்கழகத்திடம் வாதத்தை முன்வையுங்கள். இரண்டும் உண்மையாக இருக்கட்டும், ஆனால் இரண்டையும் ஒரே கடிதமாக எழுத வேண்டாம்.

கேள்வி (மௌலவி, கிண்ணியா): இஸ்லாமிய இறையியலில் ஆய்வு செய்ய விரும்புவோருக்கு என்ன வழி, சேர்?

பதில்: துருக்கி அரசின் புலமைப்பரிசிலை முதலில் பாருங்கள். எல்லாத் துறைகளுக்கும் உரியது. ஓராண்டு துருக்கி மொழிப் பயிற்சியும் அதில் அடங்கும். விண்ணப்பம் பொதுவாக ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் திறக்கிறது. கலாநிதிப் படிப்புக்கு 35 வயதுக்குட்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் அரபியிலும் தொடர நினைத்தால், 1983 இல் தொடங்கிய மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்ரஸாப் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் எந்த நிலையாக ஏற்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சைவசமய ஆசிரியர், நகரப் பாடசாலை): இறையியல் என்றால் கிறிஸ்தவருக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை, ஐயா. ஒக்ஸ்போர்டில் சைவ சித்தாந்தத்தை ஆராய விரும்புபவரும் இறையியல் மற்றும் சமயப் பீடத்துக்கே விண்ணப்பிக்கலாம். 1997 இல் நிறுவப்பட்ட இந்து ஆய்வு நிலையம் அங்கே துணை நிற்கிறது. சம்பந்தர் பாடிய கோணமாமலை உங்கள் பாடசாலையிலிருந்து பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. சாத்திரங்களைத் தமிழ் மூலத்திலேயே படிக்கவும் உங்களால் முடியும். இத்துறையில் அது பெரிய தகுதி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கென்றே தனித்துறை உண்டு. இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் பேரவை) புலமைப்பரிசில்களைக் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தல்கள் வழியே கவனித்து வாருங்கள்.

கேள்வி (பட்டதாரி, பாலையூற்று): பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதப் பயமாக இருக்கிறது. என்ன எழுத வேண்டும்?

பதில்: மூன்று பத்திகள் போதும். நீங்கள் யார் என்று இரண்டு வரி. உங்கள் ஆய்வுக் கேள்வி ஐந்து வரி. அவருடைய எந்தக் கட்டுரை உங்களை அவரிடம் கொண்டுவந்தது, அதில் எந்த இடத்தில் உங்களுக்குக் கேள்வி எழுந்தது என்று மூன்று வரி. "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் பாதம் பணிந்து" என்ற தோரணை நம் பண்பிலிருந்து வருவது, அதில் குறையில்லை. ஆனால் அங்கே அது உங்களை உதவி கேட்டு வந்தவராகக் காட்டுமேயன்றி ஆய்வாளராகக் காட்டாது. முதல் மின்னஞ்சலில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். மூன்று வாரம் பதில் இல்லாவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

கேள்வி (இரண்டு பிள்ளைகளின் தாய், திருகோணமலை): எனக்கு 38 வயது. குடும்பத்தை விட்டுப் போக முடியாது. இது நடக்காத கனவா?

பதில்: நடக்கும், அக்கா. ஒக்ஸ்போர்ட் மிஷன் கற்கைகள் நிலையம், மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தோடு, ஊரில் பணியாற்றியபடியே ஆய்வு செய்பவர்களுக்காகவே பிஎச்.டி. நடத்துகிறது. முழுநேரப் படிப்பைத் தேர்ந்தால், உதவுதொகை உங்களுக்கு மட்டுமா, குடும்பத்துக்கும் சேர்த்தா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே கேளுங்கள். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயதெல்லை இல்லாத நிதிகள் பல உண்டு.

கேள்வி (பலரும் கேட்டது): ஆவணங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஆங்கில மொழித் தேர்வான ஐ.இ.எல்.ரி.எஸ். பெறுபேறு இரண்டு ஆண்டுகளே செல்லும். முன்னணிப் பல்கலைக்கழகங்கள் இறையியலுக்கு 7 அல்லது 7.5 கேட்கின்றன. மிக முந்தியும் எழுத வேண்டாம், கடைசி மாதத்திலும் எழுத வேண்டாம். பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்குக் குறைந்தது ஆறு வாரம் கொடுத்து, முன்மொழிவின் பிரதியையும் அனுப்புங்கள். உங்கள் நற்குணத்தை மட்டும் எழுதும் கடிதத்தால் பயனில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் தாமதப்படுத்துவது பெயர். என்னிடம் வந்த ஒரு மாணவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முழுதாகவும், பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்தாகவும், கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகவும், திருமுழுக்குச் சான்றிதழில் முற்றிலும் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தது. நான்கும் ஒருவரையே குறிக்கின்றன என்று நமக்கு விளங்கும். அங்கே கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு அது நான்கு பேர். சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, தமிழ் ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, தேவையானவற்றைக் கொழும்பில் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். இறுதித் திகதி டிசெம்பரில் என்றால், இந்த வேலை ஓகஸ்டுக்குள் முடிந்திருக்க வேண்டும்.